பன்னிரண்டு பாகம் கயிறும் நாகைக் கடலின் சிவப்புத் திட்டும்

போன மாசி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். திங்கட்கிழமை மதியம் பயணம் முடிந்தது. கீழ்வேளூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், அங்கிருந்து கடலுக்குள் முப்பது கிலோமீட்டர், பிறகு வீடு. எழுபது வயதில் என் முதல் கடல் பயணம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பயந்துபோய்க் கிளம்பினேன், பயந்துகொண்டே போனேன், பயம் முழுதாகத் தீராமல்தான் திரும்பினேன். இருந்தும் இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. கைப்பேசியில் ஒரே விரலால் எழுதுகிறேன். இந்தக் கட்டுரைக்குப் பத்தொன்பது நாள் ஆனது. ஒரு பத்தி முடிந்தால் ஒரு வயல் நட்டுக் கரையேறியதுபோல இருக்கிறது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் ராணி தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். காற்றில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று செயற்கைக்கோள் மேலிருந்து அளக்கிறதே, அந்த அளவு சரிதானா என்று பார்ப்பது அவள் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அவள் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போட்டாள். அப்பாவுக்கும் இப்போது படிக்கத் தெரியும் என்று எனக்கும் ஒன்று கொடுத்தாள். நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு எடுத்துப்போய்ச் சத்தமாகப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வரைபடம். அதன் தலைப்பு, “விண்ணிலிருந்து அளந்த வாயு.” நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே கடலில் பெரிய சிவப்புத் திட்டு. சிவப்பு என்றால் அதிகம் என்று கீழே எழுதியிருந்தது. அதையும் விடாமல் படித்தேன்.

கடை அமைதியாகிவிட்டது. டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்கு மட்டும்: எங்கள் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் வாயு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்தது ஆழ்துளைக் கிணறு, குழாய், நிலம் போய்விடும் என்றுதான் மனம் ஓடும். ஊர் ஊராகத் தெருவில் உட்கார்ந்து போராட வைத்த பயம் அது. இன்னும் ஆறவில்லை.

கலியபெருமாள்தான் முதலில் வாயைத் திறந்தான். நானும் அவனும் ஒரே வயலில் கூலிக்கு நட்டவர்கள். பிறகு அதே வயலில் ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வாங்கினோம். அவன் நிலமும் என் நிலமும் ஒரே வரப்பு.

“கீழ இருந்தாதானே மேல வரும்? கடல்ல இவ்ளோ செவப்பா இருக்குன்னா கரையில இல்லாமலா போவும்?” என்றான்.

அன்றைக்கு எல்லோரும் கலைந்துபோனார்கள். வியாழக்கிழமை சேதி வந்தது. கலியபெருமாள் தன் மூன்று மாவையும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்கப்போகிறான். பத்திரம் அடித்தாயிற்று. திங்கட்கிழமை கீழ்வேளூர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. நான் ஓடினேன்.

“ஏன்டா இப்படிப் பண்ற?”

“கெணறு தோண்ட வந்தப்பறம் எவன் வாங்குவான்? சிங்கப்பூர்லேருந்து என் மவனும் வித்துடுங்கறான். நீதானே படிச்ச?”

“ராணிகிட்ட கேட்டுச் சொல்றேன். திங்கக்கெழம வரைக்கும் பொறு.”

“ஒன் பொண்ணு சொன்னா நம்ப மாட்டேன் முத்து. கோச்சுக்காத. அது படிச்ச புள்ள, மேல சொல்றதத்தான் சொல்லும். படிச்சவன் நீ. போய் ஒன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. அந்தச் செவப்பு நெசமா பொய்யான்னு.”

“கடல்லையா? நீயும் வா, சேந்து போவோம்.”

“எனக்கென்ன பைத்தியமா?” என்றான்.

இதுதான் காரணம். நான் சத்தமாகப் படித்ததால் ஒருவன் நிலம் போகப்போகிறது. நாலு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 7.10-க்குக் கீழ்வேளூரில் பேருந்து ஏறினேன். திருவாரூர் பதினாலு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். அங்கே இறங்கி 8.05-க்குத் தஞ்சாவூர் வண்டி. ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். (இப்போது மாறியிருக்கலாம், நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) முன்பெல்லாம் பேருந்தின் நிறத்தையும் ஓட்டுநர் முகத்தையும் பார்த்து ஏறுவேன். இப்போது பலகையைப் படித்து ஏறுகிறேன். வழியில் கடைப் பெயர், பாலத்தின் பெயர், சுவர் விளம்பரம் எதையும் விடுவதில்லை. அன்றைக்கு மட்டும் அந்த ருசி இல்லை. அறுவடை முடிந்த வயலில் எல்லாம் உளுந்து பூத்திருந்தது. ஒவ்வொரு பலகையைப் படிக்கும்போதும் இதைப் படித்து யார் எதை விற்கப்போகிறானோ என்று தோன்றியது.

பத்து மணிக்கு ராணியின் கல்லூரி. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடிப்போனது.

“பிள்ளைங்களுக்குப் போட்ட புத்தகம்ப்பா அது. அடுத்த பக்கத்தப் படிச்சீங்களா?”

இல்லை. ஏழாம் பக்கத்திலேயே கடை கலைந்துவிட்டது. எட்டாம் பக்கத்தில், “இந்தச் சிவப்பு முழுவதும் உண்மையா? கடல்நீர் செய்யும் குழப்பம்” என்று தலைப்பு. அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ராணி காகிதத்தில் கோடு போட்டு விளக்கினாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

சூரிய வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் அது வரிசை நடவு வயல் மாதிரி. ஒவ்வொரு வாயுவும் ஒரு ஆடு. ஒரு ஆடு தனக்குப் பிடித்த சில வரிசைகளை மட்டும் மேயும், மற்றதைத் தொடாது. செயற்கைக்கோள் ஆட்டைப் பார்ப்பதில்லை. கீழே பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தில் எந்த வரிசை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, இந்த ஆடு இத்தனை வந்தது என்று கணக்குச் சொல்லும். நிலத்துக்கு மேல் இது ஓரளவு சரி. கடலில்தான் சிக்கல். தெளிந்த கடலில் வெளிச்சம் மேலேயே பட்டுத் திரும்பாது. உள்ளே இறங்கும். தண்ணீரின் நுண்துகள்களில் மோதிச் சிதறி, கொஞ்சம் மேலே வரும். அப்படி வரும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. ஒரு வரிசை நாற்றைப் பிடுங்கிப் பக்கத்து வரிசையில் நட்ட மாதிரி. ஒரு வரிசை குறையும், ஒரு வரிசை கூடும். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள், ஆடு மேய்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும்.

“அப்ப ஆடே வரலியா?”

“சில எடத்துல கொஞ்சம் வந்திருக்கும். ஆனா கடல் நட்டத எவ்ளோன்னு கழிச்சாத்தான் தெரியும். கழிக்கணும்னா வெளிச்சம் எவ்ளோ ஆழம் போவுதுன்னு அங்க போய் அளக்கணும். நாளைக்கு அதுக்குத்தான் படகு எடுத்திருக்கேன்.”

இன்னொன்றும் சொன்னாள். வரைபடத்தில் இருப்பது மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கும் வாயுவே இல்லை. வைக்கோல் எரித்தால் வரும், வண்டிப் புகையில் வரும், மரம் செடி விடும் மூச்சிலிருந்தும் உண்டாகும் வேறு வாயு. எனக்கு அது போதும். கலியபெருமாளுக்குப் போதாது. கண்ணால் பார்த்துவிட்டு வா என்றுதானே சொன்னான்?

“நானும் வர்றேன்” என்றேன்.

“நீங்களா? மூங்கில் பாலம் தாண்டவே என் கையப் புடிப்பீங்க.”

“கையப் புடிச்சிக்கறேன்.”

சனிக்கிழமை காலை 5.30-க்குத் தஞ்சாவூரில் வாடகைக் கார். நாகப்பட்டினம் எண்பத்து மூன்று கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். கருவிப் பெட்டிகள் என் காலடியில். வழியில் நிறுத்தி நாலு இட்லி சாப்பிட்டேன். கடலுக்குப் போகும்முன் எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம் என்று ராணி பூரியை எடுத்துவிட்டாள். கடல் பயணம் போகிறவர்கள் இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டி, போகிறவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கிருந்தவர் என்னைப் பார்த்ததும் மைப்பெட்டியை நகர்த்தினார்.

“வேணாங்க. கையெழுத்துப் போடுவேன்” என்றேன்.

போட்டேன். கா-த்-த-மு-த்-து. ஒரு எழுத்தும் கோட்டைத் தாண்டவில்லை. திரும்பி வராவிட்டால் இதுதான் என் கடைசிக் கையெழுத்து என்று அப்போதுதான் நினைவு வந்தது.

படகு ஃபைபர் படகு, முப்பத்திரண்டு அடி. ஓட்டுகிறவர் மணிவேல், நாற்பது வயதிருக்கும். என் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டினார்.

“என்ன பெரியவரே, கடல் புதுசா?”

“கடல் எவ்ளோ ஆழம் தம்பி?”

“எதுக்குக் கேக்கறீங்க? ஒங்களுக்கு ஆறடி போதுமே.”

ராணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

8.40-க்குக் கிளம்பினோம். முகத்துவாரம் தாண்டும்போது படகு ஒரு முறை தூக்கிப் போட்டது. இட்லி தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் முதல் அளவு. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் நிறுத்தி, கயிறு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ராணிக்கு மற்ற கருவிகளில் வேலை. மணிவேல் படகைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், நிழல் தட்டின்மேல் விழக் கூடாது. அதனால் கயிறு எனக்கு வந்தது. பாகத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் என்று மணிவேல் காட்டினார்.

இறக்கினேன். முதல் முடிச்சு நனையும் முன்பே தட்டு மறைந்துவிட்டது. தண்ணீர் எங்கள் வாய்க்கால் தண்ணீர் மாதிரியே கலங்கல்.

“ஒரு பாகம்கூட இல்ல தாயி.”

“சரிப்பா. இங்க வெளிச்சம் உள்ள போவல. சேறு மேலேயே தடுத்துத் திருப்பிடுது. நாற்றுப் பிடுங்கி நட கடலுக்கு எடமே இல்ல. படத்தப் பாருங்க, இந்த எடத்துல செவப்பு இல்ல.”

பார்த்தேன். கரையோரம் வெளிறிய மஞ்சள்தான். சிவப்பு அதற்கு அப்பால் தொடங்கியது. டீக்கடையில் இதை நான் கவனிக்கவே இல்லை. வாயு கரைக்குக் கீழிருந்து வந்திருந்தால் கரையோரம் இப்படி வெளிறிக் கிடக்குமா? இதைக் கலியபெருமாளிடம் சொல்ல வேண்டும் என்று முடிந்துவைத்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்குக் கரை மறைந்தது. முதலில் கட்டிடங்கள், பிறகு கலங்கரை விளக்கம், பிறகு ஒன்றும் இல்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. வயலில் இருட்டிவிட்டாலும் வரப்பை மிதித்தால் வீடு எங்கே என்று என் காலுக்குத் தெரியும். இங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. பலகையைப் பிடித்த கை மரத்துவிட்டது. படிக்கவாவது ஏதாவது வேண்டும் என்று படகின் உள்பக்கம் எழுதியிருந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் எட்டு. இன்றைக்கும் மறக்கவில்லை.

பதினொன்றே முக்கால் இருக்கும். மணிவேல் கையை நீட்டினார்.

“பெரியவரே, அங்க பாருங்க. தெளிவு.”

கடலில் ஒரு கோடு. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம். யாரோ வரப்புப் போட்டதுபோல. நுரையும் தழையும் அந்தக் கோட்டிலேயே மிதந்துகொண்டிருந்தன. ராணி தன் கைப்பேசியில் நாங்கள் இருக்கும் இடத்தையும் வரைபடத்தையும் சேர்த்துக் காட்டினாள். எங்கள் புள்ளி சிவப்பின் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது. தண்ணீர் தெளியும் இடத்தை ஒட்டித்தான் சிவப்பு தொடங்குகிறது. என் கண்ணால் பார்த்தேன். இதற்காகத்தான் வந்தேன் என்று தோன்றியது.

ஆனால் வேலை முடியவில்லை. செயற்கைக்கோள் மதியம் ஒன்றரை வாக்கில்தான் கடக்கும். அதற்குள் சிவப்பின் நடுவுக்குப் போக வேண்டும். மேகம் வந்தால் எல்லாம் வீண். தென்கிழக்கில் பஞ்சு மாதிரி மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ராணி அடிக்கடி அண்ணாந்து பார்த்தாள். அவளும் பயந்தாள். இன்னொரு முறை படகு எடுக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். எனக்குத் திங்கட்கிழமைக்கு மேல் ஒரு நாளும் இல்லை.

ஒரு மணிக்கு நடுவில் நின்றோம். புகை படக் கூடாது என்று இன்ஜினை நிறுத்தினார்கள். அதுவரை அந்தச் சத்தம் காதைக் குடைகிறது என்று சலித்துக்கொண்டிருந்தேன். நின்றதும் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் என்று. முப்பது கிலோமீட்டருக்கு மூன்று பேர். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டும் ஓசை மட்டும்.

“மேல போவுதுப்பா, இப்ப” என்றாள் ராணி. அண்ணாந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எண்ணூறு கிலோமீட்டருக்கு மேலே போகிறதாம். மேகம் இன்னும் எங்களிடம் வரவில்லை.

தட்டை இறக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. தட்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்து. ஆறு. வெள்ளை போய் இளநீலம். எட்டு. இன்னும் தெரிகிறது. எங்கள் தண்ணீரில் ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. கால் வைத்தால் சேறு, அவ்வளவுதான் ஆழம். இங்கே ஆழம் கண்ணுக்குத் தெரிகிறது. தட்டு என்னைவிட்டுக் கீழே, கீழே போகிறது, இன்னும் அது தரையைத் தொடவில்லை. நானே விழுவதுபோல ஒரு இழுப்பு. ராணியின் துப்பட்டா நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்தாள், என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

“எத்தனைப்பா?”

“பத்து... பதினொண்ணு... பன்னெண்டு. போச்சு. மறைஞ்சிடுச்சு.”

“பன்னெண்டா? சரியா எண்ணுங்க.”

“கட்டு எண்ணிக் கூலி வாங்கினவன் தாயி நான். தப்பாது.”

பன்னிரண்டு பாகம். இருபத்திரண்டு மீட்டர். அவ்வளவு ஆழம் வெளிச்சம் இறங்கி, சிதறி, திரும்பி வருகிறது. வழி முழுக்க நாற்றைப் பிடுங்கி நட்டுக்கொண்டு.

இரண்டு மணிக்குக் கிளம்பலாம் என்றார் மணிவேல். இன்ஜின் கயிற்றை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை. நான் மணிவேலின் முகத்தையே பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லாததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். கலியபெருமாளின் நிலம் நினைவுக்கு வந்தது. நான் இங்கேயே கிடந்தால் யார் போய்ச் சொல்வது? எதையோ கழற்றித் துடைத்து மாட்டினார். நாலாவது இழுப்பில் எடுத்தது. மொத்தம் பதினைந்து நிமிடம்.

“பயந்துட்டீங்களா பெரியவரே?”

“இல்ல தம்பி.”

“நான் பயந்துட்டேன்” என்றார்.

ஐந்தேகாலுக்குக் கரை. தரையில் இறங்கியும் தரை ஆடியது. நாகையில் விடுதி, இரண்டு கட்டில் அறை எழுநூறு ரூபாய், சுத்தம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் செயற்கைக்கோளின் அளவு வந்தது. ராணி தான் அளந்ததை வைத்துக் கடலின் பங்கைக் கழித்தாள். திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். இடதுபக்கம் சிவப்பு. வலதுபக்கம் அதே இடம் மஞ்சளாக வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் லேசாகச் செம்மண் நிறம்.

“அது என்ன மிச்சம்?”

“தெரியலப்பா. பாதிக்கு மேல தண்ணி செஞ்ச வேல. மிச்சம் கப்பல் புகையா இருக்கலாம், காத்துல கரையிலேருந்து போனதா இருக்கலாம், என் கணக்குல கொறையா இருக்கலாம். ஒரு நாள் அளந்து சொல்ல முடியாது.”

“ஒண்ணுமே இல்லன்னு சொல்லக் கூடாதா? அவன்கிட்ட சொல்லறதுக்காகவாவது?”

“சொல்லலாம். அப்பறம் என் படத்த யாரும் நம்பக் கூடாது.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தட்டு இறக்கிய பழைய கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாலை நாலு மணிக்குப் பேருந்து, கீழ்வேளூர் பன்னிரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். ஊருக்குப் போனால் கலியபெருமாள் வீடு பூட்டிக் கிடந்தது. வலங்கைமானில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறான், காலையில் நேராகப் பதிவு அலுவலகம் வருவான் என்றார்கள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அங்கே நின்றேன். வேப்பமரத்தடியில் கூட்டம். பத்து மணிக்கு அவன் வந்தான், வேட்டி மடிப்புக் கலையாமல், கையில் பத்திரத்தோடு. வாங்குகிறவர் இன்னும் வரவில்லை.

“உசுரோட வந்துட்டியா?” என்றான்.

கயிற்றை அவிழ்த்துத் தரையில் நீட்டினேன். அலுவலக வாசலிலிருந்து சைக்கிள் நிற்கும் இடம் வரை போனது. எல்லோரும் பார்த்தார்கள். முதல் முடிச்சைத் தொட்டேன்.

“கரை ஓரமா வெளிச்சம் இவ்ளோதான் போவுது. இதுக்குள்ள. அங்க செவப்பே இல்ல.” நடந்துபோய்ப் பன்னிரண்டாவது முடிச்சில் நின்றேன். “தெளிஞ்ச எடத்துல இதுவரைக்கும். அங்கதான் செவப்பு. தண்ணி தெளியற எடத்துலதான் செவப்பு தொடங்குது. கோடு போட்ட மாரி. பாத்துட்டு வந்துட்டேன்டா.”

ஆட்டுக் கதையைச் சொன்னேன். அவன் முடிச்சு முடிச்சாக நடந்து வந்தான்.

“அப்ப கடலே ஆடு செஞ்சுடுதா?”

“பாதிக்கு மேல.”

“மிச்சம்?”

“தெரியாது. ராணிக்கும் தெரியாதாம். ஆனா அது மண்ணுக்கு அடியில இருக்கற ஆடே இல்ல. வைக்கோல் எரிச்சா வர்ற ஆடு.”

“நாளைக்கு எவனும் கெணறு தோண்ட வர மாட்டான்னு சொல்லுவியா?”

சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ராணி சொன்னது நினைவில் நின்றது.

“அத நான் சொல்ல முடியாதுடா. அந்தப் படத்துல அது இல்லன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.”

அவன் பன்னிரண்டாவது முடிச்சைக் காலால் நகர்த்தினான். பிறகு பத்திரத்தை என்னிடம் நீட்டினான்.

“படி.”

“நானா?”

“அன்னிக்குப் படிச்சல்ல? இதையும் படி. என்னத்துல கையெழுத்துப் போடறேன்னு தெரியட்டும்.”

கடலில்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. மெதுவாகப் படித்தேன். அவன் பெயர், அவன் அப்பா பெயர், நஞ்சை, மூன்று மா. அதற்குக் கீழே சக்குபந்தி, நாலு எல்லையைச் சொல்லும் இடம். எழுத்து எழுத்தாகப் படித்தேன்: “பாசன வாய்க்காலுக்குத் தெற்கு. வண்டிப்பாதைக்கு வடக்கு. ஊர்க்குட்டைக்கு மேற்கு.” அடுத்த வரியில் நின்றுவிட்டேன்.

“ஏன் நிறுத்திட்ட?”

“காத்தமுத்து நஞ்சைக்குக் கிழக்கு” என்று படித்தேன்.

“ஒன் பேரா?”

“ஆமாம்.”

“என் பத்திரத்துல ஒன் பேரு இருக்கா?”

“அச்சடிச்சிருக்குடா.”

அவன் அந்த வரியில் விரலை வைத்தான். “இதுல எது ஒன் பேரு?” என்றான். காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

“ஒன் பத்திரத்துல கெழக்க என் பேரு இருக்குமா?”

“இருக்கு. படிச்சிருக்கேன்.”

பத்திரத்தை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டான். “உளுந்து பூத்துக் கெடக்கு. எடுத்தப்பறம் பாக்கலாம்” என்றான். வாங்க வந்தவரிடம் அவனே போய்ச் சொன்னான். நான் கயிற்றைச் சுருட்டினேன்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசி, பங்குனியில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அனுமதியும் மிதவைச் சட்டையும் இல்லாமல் ஏறாதீர்கள். தலைக்குத் துணி, குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், காலையில் இட்லி. கரை மறையும்போது பின்னால் பார்க்காதீர்கள். வாந்தி வரும்போலிருந்தால் தூரத்தில் ஒரே இடத்தைப் பாருங்கள், படகின் எண்ணைப் படிக்காதீர்கள், அது என் தவறு. இன்ஜின் எடுக்காவிட்டால் ஓட்டுகிறவர் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

விண்ணிலிருந்து எடுத்த வரைபடம் கைக்கு வந்தால், நிறத்தைப் பார்க்கும் முன் கீழே இருப்பது மண்ணா, கலங்கல் தண்ணீரா, தெளிந்த கடலா என்று கேளுங்கள். அந்தக் கடலின் பங்கைக் கழித்தார்களா என்று கேளுங்கள். முக்கியமாக, டீக்கடையில் படிக்கும் முன் அடுத்த பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

உளுந்து எடுத்தாயிற்று. கலியபெருமாள் பத்திரத்தைக் கிழிக்கவில்லை. அது அவன் பெட்டியில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை எடுத்துவந்து என் முன்னால் விரித்து, அந்த ஒரு வரியை மட்டும் படிக்கச் சொல்கிறான். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. படிக்கிறேன்.